பழைய வீட்டுக்கு சர்ஜ் புரொடெக்டர் மட்டும் போதுமா? முதலில் பார்க்க வேண்டியது எர்த்!

இடி இடித்ததும் ஓடிப்போய் டிவி பிளக்கைப் பிடுங்குவது நம்ம ஊர் வழக்கம். இப்போதோ ரவுட்டர், இன்வெர்ட்டர் ஏசி, எல்இடி பல்பு என வீடு முழுக்க எலக்ட்ரானிக் சர்க்யூட்தான். எதைப் பிடுங்குவது, எதை விடுவது? அதற்காகத்தான் மெயின் போர்டிலேயே பொருத்தும் சர்ஜ் புரொடெக்டர், அதாவது எஸ்.பி.டி. வந்திருக்கிறது. ஆனால் 30, 40 வருடப் பழைய வீடு என்றால், அதை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

இது எப்படி வேலை செய்யுது?

வீட்டுக்கு வரும் சப்ளை 230 வோல்ட். பக்கத்தில் மின்னல் தாக்கினால், மைக்ரோ செகண்ட் கணக்கில் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எகிறலாம். அப்போது எஸ்.பி.டி. வழிதிறந்து, அந்த அதிர்ச்சியை எர்த் பக்கம் திருப்பிவிடும். அணையில் ஷட்டரைத் திறந்து உபரிநீரை வெளியேற்றுவது மாதிரி. வெளியேற வாய்க்காலே இல்லையென்றால்? பழைய வீடுகளின் சிக்கல் அதுதான்.

பழைய வீட்டில் என்ன பிரச்னை?

* சில வீடுகளில் எர்த் கம்பியே கிடையாது. இரண்டு கம்பி வயரிங், இரண்டு பின் பிளக் பாயின்ட்தான்.
* இரும்புத் தண்ணீர் பைப்பில் எர்த் கட்டியிருப்பார்கள். பைப்பை பிவிசிக்கு மாற்றியதும் எர்த் அறுந்துபோயிருக்கும். யாருக்கும் தெரியாது.
* எர்த் குழி இருந்தாலும், கம்பி துருப்பிடித்திருக்கும், மண் காய்ந்துபோயிருக்கும்.
* எர்த் இல்லாத பாயின்ட்டில் நியூட்ரலையே எர்த்தோடு இணைத்திருப்பார்கள். இது உயிருக்கே ஆபத்து. நியூட்ரல் அறுந்தால் வாஷிங் மெஷின் பாடியிலேயே கரண்ட் பாயும்.

எதற்கெல்லாம் இது உதவாது?

தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால், சில வீடுகளுக்கு 400 வோல்ட் வரைகூட வரலாம். இது நொடியில் முடிகிற சர்ஜ் இல்லை, தொடர்ந்து இருக்கும். இதை எஸ்.பி.டி. தாங்காது, அதுவே சூடாகிக் கருகலாம். இதற்குத் தனியாக ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் கருவி வேண்டும். லைட் திடீரென அதிகப் பிரகாசமாக எரிந்தால், உடனே மெயினை ஆஃப் செய்துவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

நேரடியாக வீட்டின் மேல் மின்னல் விழுந்தாலும் எஸ்.பி.டி.யை மட்டும் நம்ப முடியாது. கேபிள் டிவி வயர், இன்டர்நெட் வயர் வழியாக வரும் சர்ஜும் மெயின் போர்டைத் தொடாமலேயே உள்ளே வந்துவிடும். ஆகவே பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை விட வேண்டாம். ஆனால் இடி நெருங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.

எந்த வரிசையில் செய்வது?

1. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சரியில்லை என்றால் புது எர்த் குழிதான் முதல் செலவு.
2. பீங்கான் ஃபியூஸ் போர்டு என்றால் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி.க்கு மாறுங்கள். ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான்.
3. அதன் பிறகு, மெயின் போர்டில் டைப் 2 எஸ்.பி.டி. வீட்டில் இடிதாங்கி இருந்தால் டைப் 1-ம் தேவை. இணைக்கும் கம்பி மொத்தமாக அரை மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கம்பி நீண்டால் பாதுகாப்பு குறையும்.
4. மீட்டருக்கு முன்னால் உள்ள சீல் வைத்த பகுதி மின்வாரியத்துடையது. அதில் யாரும் கை வைக்கக்கூடாது.

அமெரிக்காவில் 2020-ம் ஆண்டு தேசிய மின் விதித் தொகுப்பு, புது வீடுகளுக்கு மட்டுமல்ல, மெயின் போர்டை மாற்றும் பழைய வீடுகளுக்கும் சர்ஜ் பாதுகாப்பு வேண்டும் என்றது. நம்மூரில் போர்டை மாற்றும்போதே இதையும் சேர்த்துச் செய்தால், வேலையும் ஒன்றாக முடியும், கூலியும் மிச்சம்.

மாட்டியாச்சு, அவ்வளவுதானா? இல்லை. ஒவ்வொரு சர்ஜையும் வாங்கி வாங்கி இந்தக் கருவி தேயும். பெரும்பாலான மாடல்களில் சின்ன ஜன்னல் மாதிரி ஒன்று இருக்கும். பச்சை என்றால் ஓகே, சிவப்பு என்றால் மாற்ற வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.