தபால் வண்டியும் சிக்கனமும்

யாழ்ப்பாணத்தவன் ஆதலின் பழைய மோட்டார் வண்டிகளிடத்து எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை குடாநாட்டை இறுக்கியிருந்தபோது, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் கார்கள் மண்ணெண்ணெயிலும் ஓடின. அவற்றைத் திருத்தித் திருத்தி ஓட்டியவர்களின் கைத்திறனை இன்றும் வியக்கிறேன். ஆயினும் அது வேறு வழியின்மையாற் பிறந்த சிக்கனம். வழியிருந்தும் பழையதைப் பற்றிக்கொண்டிருப்பது சிக்கனமாகுமா என்று மாணவரொருவர் வகுப்பிலே வினவினார். ஐக்கிய அமெரிக்கத் தபாற் சேவையின் கதையையே விடையாகக் கூறினேன்.

விமானங்கள் செய்து பெயர்பெற்ற குரூமன் நிறுவனம் 1987 முதல் 1994 வரை அச்சேவைக்கென 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளை அமைத்துக் கொடுத்தது. உடல் அலுமினியம்; வீதியோரப் பெட்டியிற் கடிதமிட வசதியாகச் சுக்கான் வலப்புறத்தில் இருந்தது. குறித்த ஆயுள் 24 ஆண்டு. அக்கணக்கின்படி முதல் வண்டிகள் 2011 இலும் இறுதி வண்டிகள் 2018 இலும் ஓய்வு பெற்றிருத்தல் வேண்டும். பெறவில்லை.

காரணம் எளிது. புதிய வண்டியின் விலை ஒரே ஆண்டின் ஏட்டில் மலைபோல் நிற்கும். திருத்தச் செலவோ பல ஆண்டுகளிற் சிறுகச் சிறுகக் கசியும். மலையைக் கண்டு அஞ்சுவோர் கசிவைக் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டினாலும் அதில் அடங்காத செலவுகள் சில உள. அவ்வண்டிகளிற் காற்றுப்பையும் இல்லை, குளிரூட்டியும் இல்லை. சில ஓட்டத்திலேயே தீப்பற்றின. 2018 யூலையிற் கடும் வெயிலில், கலிபோர்னியாவில் ஒரு தபால் ஊழியர் தம் வண்டியினுள்ளேயே உயிரிழந்தார். இச்செலவை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

2021 பெப்ரவரியில் ஒஷ்கொஷ் நிறுவனத்துக்குப் புதிய வண்டிகளுக்கான ஒப்பந்தம் கிடைத்தது. பத்திலொன்றே மின்வண்டி என்பது தொடக்கத் திட்டம். மின்வண்டியின் கொள்விலை அதிகம் என்றனர். அவர்தம் அறிக்கையின்படியே, புதிய பெற்றோல் வண்டி குளிரூட்டி இயங்கும்போது ஒரு கலனுக்கு 8.6 மைல்தான் ஓடும்! முப்பதாண்டுக் காத்திருப்பின் பயன் இதுவோ என்று நகையாடத் தோன்றுகிறது.

தபால் வண்டியின் நடையை எண்ணுக. வாயிலுக்கு வாயில் நின்று நின்று செல்லும். நாளொன்றுக்கு ஓடுவது சிறு தூரம். இரவில் ஒரே முற்றத்திற்கு மீளும். நிற்கும்போதும் எரிபொருள் குடிக்கும் பெற்றோல் எந்திரத்துக்கு இது மிகப் பொருந்தாத பணி. மின்வண்டியோ தடைபோடும்போது ஆற்றலின் ஒரு பகுதியை மீளப் பெறும், இரவெல்லாம் மின்னேற்றலாம். தொடக்க விலையைத் தாங்குவார் யார் என்பதே சிக்கல். 2022 இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஏறத்தாழ 300 கோடி டொலர் ஒதுக்கவே கணக்குப் புரண்டது. அவ்வாண்டு திசம்பரில், 2028 அளவில் வாங்கவிருந்த 106,000 வண்டிகளில் 66,000 மின்வண்டிகள் என அறிவித்தனர். மொத்தச் செலவு 960 கோடி டொலர்.

புதிய வண்டிகள் 2024 இலேயே வீதிக்கு வந்தன. 2025 இல் செனற் சபையினர் சிலர், வாங்கிய மின்வண்டிகளை விற்றுவிட வேண்டுமென முயன்றனர். சபை விதி அதற்கு இடந்தரவில்லை. மின்னேற்றும் நிலையங்களுக்குப் பணம் கொட்டியபின் வண்டியை விற்பது, கிணறு வெட்டியபின் கயிற்றை விற்பதுபோலாம். எஞ்சிய 40,000 பெற்றோல் வண்டிகளைப் பற்றி அங்கு எவரும் அவ்வாறு வாதிடவில்லை. இருபதாண்டு ஓடுமென்றே தபாற் சேவை கணக்கிட்டது. ஆகவே அவை 2040களிலும் வாயிலுக்கு வாயில் நின்று பெற்றோல் குடித்துக்கொண்டிருக்கும்.