ஆங்கிலம் அறிவோம்: டிரஸ்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் நெய்யப்படுவது பெரும்பாலும் உடுத்தும் துணியன்று. காயத்திற்குக் கட்டும் பேண்டேஜ் துணி. ஆங்கிலத்திலோ உடுத்துவதற்கும் காயத்திற்குக் கட்டுவதற்கும் ஒரே சொல் வழங்குகிறது. அதுவே டிரஸ்.

ஆடைக்கும் புண்ணுக்கும் என்ன உறவு? 'நேராக்கு, ஒழுங்குபடுத்து' என்பதே இதன் வேர்ப்பொருள். இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த சொல் இது. 'டைரக்ட்' இதன் உடன்பிறப்பு. முடியைச் சீராக்குபவர் ஹேர் டிரஸ்ஸர். கல்லைச் செதுக்கிச் சமமாக்குதலும், அணிவகுப்பில் வரிசையை நேராக்குதலும் டிரஸ்ஸே. இறகு நீக்கிக் குடல் களைந்த கோழியை 'டிரஸ்ட் சிக்கன்' என்பர். உள்ளதையெல்லாம் உரித்த பின் உடுத்தியதாகப் பெயர்! தமிழும் இதற்குச் சளைத்ததன்று. சேலை கட்டுகிறோம், கைலி கட்டுகிறோம். காயத்திற்கும் கட்டே போடுகிறோம்.

பெருநாள் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், அத்தா ஒரு புது டிரஸ் அணிந்ததாக மாணவர்கள் எழுதுவதுண்டு. 'ஒரு டிரஸ்' என்றால் பெண்களுக்கு மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த ஆடை. அத்தாவுக்குக் 'குளோத்ஸ்' என்றே எழுதுக. தறியிலிருந்து இறங்குவது கிளாத், உடையானபின் குளோத்ஸ். அட்டயர் என்பதில் மரியாதை தொனிக்கும். அப்பாரல் வணிகர் சொல். காஸ்ட்யூம் நாடக வேடத்திற்கு ஆகும். நிக்காஹ் மாப்பிள்ளைக்கு ஆகாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்க்கரை நோயாளியான பெரியவர் ஒருவர், காற்புண்ணுக்குச் சிகிச்சை பெற்று இல்லம் திரும்பினார். சீட்டில் 'டெய்லி டிரஸ்ஸிங்' என்றிருந்தது. பள்ளியிறுதி வகுப்பு வரை பயின்ற மருமகள், நாள்தோறும் மாமாவுக்குச் சலவைச் சட்டையும் கைலியும் மாற்றிவிட்டார். கட்டு மட்டும் நான்கு நாள்களாக அவிழ்க்கப்படவில்லை. மதரஸாவுக்குப் பிள்ளையை அழைக்க வந்தபோது சீட்டை நீட்டி, "ஹஜ்ரத், தினமும் துணி மாத்தத்தானே எழுதியிருக்கு? ஏன் வாடை வருது?" என வினவினார். அம்மாலையே பெரியவர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பியது.

இத்தகைய சீட்டுகளில் டிரஸ்ஸிங் என்பது பழைய கட்டை நீக்கி, புண்ணைத் துடைத்து, மருந்திட்டுப் புதுக்கட்டுப் போடுதலைக் குறிக்கும். 'ஆல்டர்னேட் டேஸ்' எனில் ஒருநாள் விட்டு ஒருநாள். 'கீப் டிரை' எனில் கட்டு நனையலாகாது. ஒளுவின்போது அதன்மேல் ஈரக்கையால் மஸஹ் செய்துகொள்ளும் சலுகை மார்க்கத்தில் உண்டு.