பொத்தானை அமுக்கினால் காப்பி வருமாம்!

ஒரு லட்சம் ரூபாய் கொடுத்துக் காப்பி போடும் யந்திரம் வாங்குகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பணம் அவர்களுடையது, நாக்கும் அவர்களுடையது. என் சண்டையெல்லாம் அதை வாங்குவதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தோடுதான். “வீட்டிலே பொம்மனாட்டிகளுக்குச் சிரமம் இருக்கக் கூடாது பாருங்கள், அதற்காகத்தான்” என்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

எங்கள் ஆதம்பாக்கம் ஒன்றும் தனவந்தர்களின் பேட்டை அல்ல. ஆலந்தூர் நகராட்சியோடு சேர்ந்து 2011-இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் பிரவேசித்த இடம். ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள் கட்டிய ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் இருந்த தெருக்களில் இப்போது நாலு அடுக்குக் குடியிருப்புகள் நிற்கின்றன. தண்ணீர் லாரி வரும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு வாழ்கிற ஜனங்கள் நாங்கள். அப்படிப்பட்ட எங்கள் தெருவிலேயே, எனக்குத் தெரிந்து, மூன்று வீடுகளில் இந்த யந்திரம் வந்து உட்கார்ந்துவிட்டது. நாலாவது வீடாக எங்கள் வீட்டைச் சேர்த்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஓர் ஆசை. ஆகையால் இந்த விஷயத்தில் எனக்குச் சிரத்தை ஏற்பட்டதில் ஆச்சரியமில்லை.

யந்திரம் செய்கிற வேலையை முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு கிண்ணத்தில் வறுத்த கொட்டையைப் போடுகிறோம். பக்கத்துத் தொட்டியில் தண்ணீர். பொத்தானை அமுக்கியவுடன் உள்ளே ஓர் அரவை இரண்டு கோப்பைக் கணக்குக்கோ ஒரு கோப்பைக் கணக்குக்கோ கொட்டையை அரைக்கிறது. பொடியை ஒரு சிறு அறைக்குள் தள்ளி, அடை மாதிரி அமுக்கி, வெந்நீரை அழுத்தத்தோடு அதன் வழியே பாய்ச்சுகிறது. அரை நிமிஷத்தில் கோப்பையில் சாறு இறங்குகிறது. சக்கையைத் தானே எடுத்துத் தன் வயிற்றிலுள்ள பெட்டியில் போட்டுக்கொள்கிறது. இன்னொரு குழாய் பாலை உறிஞ்சி, நீராவியால் நுரைக்க வைத்துக் கொட்டுகிறது. கெட்டிக்காரத்தனமான சாமான்தான், சந்தேகமில்லை. 1884-இல் டூரின் நகரத்தில் மோரியொண்டோ என்பவர் நீராவிக் காப்பி யந்திரத்துக்குப் பேடண்டு வாங்கினார். அதற்கு நூறு வருஷத்துக்குப் பிறகு, 1985-இல், இத்தாலியில் ஸேகோ கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கென்று இந்தத் தானியங்கி யந்திரத்தைச் செய்து விற்றார்கள். இத்தாலிக்காரர்கள் குடிக்கிற காப்பிக்காக இத்தாலியில் பிறந்த யந்திரம் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

கடையில் காட்டினார்கள். அட்டைப்பெட்டியில் “15 பார் அழுத்தம்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்திலிருந்த பெட்டியில் 19. “பத்தொன்பதுதான் ஒசத்தி மேடம்” என்றான் கடைப்பையன். இந்த எஸ்பிரஸோ என்கிற சாற்றை இறக்குவதற்கு வேண்டிய அழுத்தம் சுமார் 9 பார்தான். மற்றதெல்லாம் பம்பின் உச்ச சக்தி. காப்பிக்கு வந்து சேருவதல்ல. ஸ்கூட்டரின் முகப்பில் 120 வரைக்கும் எண் போட்டிருக்கிறது என்பதற்காக, வேளச்சேரி மெயின் ரோட்டில் நாம் அந்த வேகத்திலா போய்க்கொண்டிருக்கிறோம்? “உங்க வீட்டிலே என்ன தம்பி, இந்தக் காப்பிதானா?” என்று கேட்டேன். “எங்க வீட்டிலே எல்லாரும் டீங்க” என்றான். நல்ல பையன்.

இப்போது சிரமத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் காப்பி போடுவதில் சிரமம் எங்கே இருக்கிறது என்று இந்த யந்திரத்தை வாங்கும் ஆண்பிள்ளைகள் யாராவது ஒரு நாள் நின்று பார்த்ததுண்டா? பில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, குடையை வைத்து லேசாக அமுக்கி, கொதிக்கும் தண்ணீரை விட்டு மூடுவதற்கு ஆகும் நேரம் மூன்று நிமிஷம். அதற்கப்புறம் அதற்கு யாருடைய தயவும் வேண்டாம். பூமியின் ஈர்ப்பு சக்தி மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. ராத்திரி படுக்கப் போகும்போது போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. உண்மையான வேலை பாலோடு இருக்கிறது. பாக்கெட்டை எடுத்துவந்து, கத்தரித்து, காய்ச்சி, பொங்காமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம் மனிதர்களோடு இருக்கிறது. மாமனாருக்குச் சர்க்கரை கூடாது. மாமியாருக்கு ஸ்டிராங்காக, அரை டம்ளர். வீட்டுக்காரருக்குக் கொதிக்கக் கொதிக்க. பிள்ளை எழுந்திருப்பது எட்டு மணிக்கு, அவனுக்கு அப்போது புதிதாக. ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய்க் கொடுத்து, குடித்துவிட்டு வைத்த இடத்திலிருந்தெல்லாம் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து கழுவ வேண்டும். யந்திரம் எடுத்துக்கொள்வது அந்த மூன்று நிமிஷத்தை. மற்றதையெல்லாம் அப்படியே நமக்கு விட்டுவைக்கிறது.

விட்டுவைப்பதோடு போனாலும் பரவாயில்லை, தன் பங்குக்கும் சேர்க்கிறது. அடியிலுள்ள தட்டில் அழுக்குத் தண்ணீர் சேரும்; தினம் கொட்ட வேண்டும். சக்கைப் பெட்டியை நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நாள் மறந்தால் பூஞ்சைக் காளான் பூத்துவிடும். பால் போகும் குழாயை அன்றாடம் அலசாவிட்டால் நாற்றம். காப்பி இறங்கும் உள் அறையை வாரம் ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும். பிலிப்ஸ், டிலோங்கி போன்றவற்றில் அதைக் கழற்றலாம். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து யூராவில் நாமாகக் கழற்ற முடியாது, மாத்திரை போட்டுச் சுத்தி செய்யச் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் மேலே உப்புக் கறை. எங்கள் பேட்டையின் போர் தண்ணீரில் பித்தளைச் சொம்பே வெளுத்துப் போகிறது. யந்திரத்துக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களின் கதியைக் கேட்க வேண்டுமா? மருந்துத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் பக்கத்தில் நின்று கறை எடுக்க வேண்டும். இதையெல்லாம் வாங்கியவர் செய்கிறாரா? இரண்டு வீடுகளில் நான் பார்த்த மட்டில், பொத்தான் அமுக்குவது வீட்டுக்காரர். தட்டைக் கழுவுவது வீட்டுக்காரி, அல்லது வேலைக்கு வரும் அம்மாள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. யந்திரம் விழித்தெழும்போது ஒரு தடவை வாய் கொப்பளிக்கிறது. தூங்கப் போகும்போது இன்னொரு தடவை. பாலைத் தொட்டால் மறுபடியும். 2019-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நம் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு தெருவில் நின்றோமே, அதை மறந்தவர்களுக்குத்தான் அந்தக் கொப்பளிப்பு இனிமையாகக் கேட்கும்.

எங்கள் மேல் மாடி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெண்ணை நிச்சயம் செய்ய எட்டுப் பேர் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் பெருமையோடு யந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். முதல் கோப்பை வந்தது; சம்பந்தியம்மாள் கையில் கொடுத்தாயிற்று. இரண்டாவது அரைந்து, இறங்கி, பால் நுரைத்து வருவதற்குள் முதல் கோப்பை ஆறிவிட்டது. மூன்றாவது. நாலாவது. ஐந்தாவதுக்குத் தண்ணீர் இல்லை என்று சிவப்பு விளக்கு. தண்ணீர் விட்டவுடன் சக்கைப் பெட்டியைக் காலி செய் என்று இன்னொரு விளக்கு. அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் என் வீட்டுக்கு இறங்கி வந்து, “உங்க டிகாக்ஷன் இருக்கா, மாமி?” என்றாள். இருந்தது. நாலு டம்ளர் காப்பி இரண்டு நிமிஷத்தில் மாடிக்குப் போயிற்று. நம்முடைய காப்பி பந்திக்கு உரியது. யந்திரத்தின் காப்பி ஒற்றை ஆளுக்கு உரியது. அது அதன் குற்றமல்ல. அது பிறந்த ஊரில் ஒற்றை ஆள் கடையில் நின்றுகொண்டு இரண்டு மடக்கில் குடித்துவிட்டுப் போகிறான்.

ருசிக்கு வருவோம். நம் நாக்குக்குப் பழக்கமானது சிக்கரி கலந்த டிகாக்ஷன். கலவையில் காப்பி 51 பங்குக்குக் குறையக் கூடாது, சிக்கரி எத்தனை என்பதைப் பெட்டியில் அச்சடிக்க வேண்டும் என்று சர்க்கார் விதி வைத்திருக்கிறது. கௌரவமான வீடுகளில் எண்பதுக்கு இருபது. இந்தச் சிக்கரி என்பது வேர். வறுத்துப் பொடித்து வருவது. அதைக் கொட்டைக் கிண்ணத்தில் போட முடியாது. ஏற்கனவே அரைத்த பொடிக்கென்று ஒரு சந்து இருக்கிறது. கோப்பைக்கு ஒரு கரண்டியாக அதில் போடலாம். அப்படியானால் உள்ளே இருக்கும் அரவைக்கு எதற்கு அவ்வளவு பணம்? சிக்கரி வேண்டாம், சுத்தக் காப்பியே குடிக்கிறோம் என்றால், கோப்பைக்கு 9 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் நாலு பேர், இரண்டு வேளை. மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் கொட்டை. எங்கள் வீட்டில் இப்போது ஒன்றேகால் கிலோ பொடி போதும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ராத்தலுக்கு 4 டாலரைத் தாண்டிப் போன காலத்தை அனுபவித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். பாலோ, நீராவி பட்டு 60, 65 டிகிரிக்குச் சுட வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். நாம் கேட்பது கொதித்த பால். டவராவில் ஆற்றிக் குடிப்பதற்கே ஏற்பட்ட ஜாதி நாம். ஆற்றுவதற்குச் சூடே இல்லாவிட்டால் டவரா எதற்கு?

இவ்வளவு சொன்னதால், பில்டர் காப்பியைப் பற்றிக் கண்ணீர் விட்டு எழுதும் கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிடப் போகிறார்கள். வேண்டவே வேண்டாம். “பாட்டி போட்ட பித்தளைப் பில்டர் காப்பி! நம் பண்பாடு!” என்று உருகுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். பில்டரில் ஓட்டை உள்ள பாத்திரம் மேலே வருமா கீழே வருமா என்று கேட்டால் அவர்களில் பாதிப் பேர் திணறுவார்கள். பண்பாடு என்பதும் சற்று அதிகப்படி. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற புஸ்தகத்தைப் படித்துப் பாருங்கள். பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பங்களுக்குள் காப்பி நுழைந்தபோது, இது அந்நிய வழக்கம், குடியைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் எப்படியெல்லாம் கூச்சலிட்டார்கள் என்பது தெரியும். பில்டரே நம்முடையதா? பாரிஸில் 1800-ஐ ஒட்டி ஆர்ச்பிஷப் டி பெல்லுவாவின் பெயரால் வழங்கிய இரண்டடுக்குச் சொட்டுப் பாத்திரம் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கிறது.

பாட்டிமார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொன்றைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். கொட்டையிலிருந்து கோப்பை வரை எல்லாம் வீட்டுக்குள்ளேயே என்று இன்று லட்சக் கணக்கில் விற்கிறார்களே, அதை என் பாட்டி செய்துகொண்டிருந்தாள். பச்சைக் கொட்டை வாங்கி, கரி அடுப்பின் மேல் கைப்பிடி வைத்த இரும்புருளையில் சுற்றிச் சுற்றி வறுத்து, பெஞ்சியின் விளிம்பில் திருகாணி போட்டு மாட்டிய அரவையில் அன்றன்றைக்கு வேண்டியதை அரைப்பாள். மணம் மூன்று வீடு தள்ளி வீசும் என்பார்கள். மணத்தைச் சொல்கிறவர்கள் அவள் தோள்பட்டை வலியைச் சொல்வதில்லை. அந்த வேலையிலிருந்து அவளை விடுவித்தது எந்த யந்திரமும் அல்ல. தெருமுனையில் கடை வைத்து, “பீபரி பாதி, பிளாண்டேஷன் பாதி” என்று சொன்ன மாத்திரத்தில் கண்ணெதிரே அரைத்துச் சூடாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாரே, அந்தக் காப்பிப்பொடிக் கடைக்காரர்தான்.

யந்திரம் யாருக்குமே பயன்படாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவின் மூன்றாவது வீட்டில் புருஷன் மனைவி இருவர் மட்டும். இரண்டு பேரும் பால் சேர்க்காமல் குடிக்கிறவர்கள். அமெரிக்காக்காரர்களுக்காக ராத்திரியில் கண் விழித்து வேலை பார்க்கிறவர்கள். வறுத்த தேதி போட்ட கொட்டையாக, சிக்குமகளூரிலிருந்து, கால் கிலோ கால் கிலோவாக வரவழைக்கிறார்கள். மிகவும் கறுக்க வறுத்து எண்ணெய் கசியும் கொட்டையைப் போட்டால் அரவையில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பிள்ளை உள் அறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து குழாயடியில் தானே கழுவுகிறான். அந்த வீட்டில் யந்திரம் நன்றாகவே இருக்கிறது.

யந்திரத்தில் உண்மையான சத்து ஒன்றே ஒன்று: அரைத்த உடனே காப்பி. பொடியாகிவிட்டால் மணம் நாளுக்கு நாள் ஓடிவிடும். கொட்டையாக இருந்தால் சில வாரம் நிற்கும். அந்த ஒன்றுக்காக மட்டும் லட்ச ரூபாய் வேண்டியதில்லை. அரவை சாமான் தனியாகச் சில ஆயிரம் ரூபாய்க்கு, மின்சாரத்தில் ஓடுவதும் கையால் சுற்றுவதுமாகக் கிடைக்கிறது. கொரகொரப்பாகவும் இல்லாமல் மாவாகவும் இல்லாமல் அரைத்து, சிக்கரியைத் தனியே வாங்கி வைத்துக் கலந்துகொண்டு, பழைய பில்டரிலேயே இறக்கலாம்.

என் வீட்டுக்காரரிடம் இதைத்தான் சொன்னேன். பரணில் பாட்டியின் அரவை இருந்தது. திருகாணி மட்டும் துருப்பிடித்திருந்தது. பரங்கிமலையில் ஒரு சைக்கிள் கடைக்காரர் சரி செய்து கொடுத்தார். சாப்பாட்டு மேஜை விளிம்பில் மாட்டியிருக்கிறோம். யந்திரத்தில் ஆசைப்பட்டவர் அவர் ஆகையால், காலையில் சுற்றுவதும் அவர்தான். நாலு பேருக்கு அரைக்கப் பத்து நிமிஷம் பிடிக்கிறதாம். தோள் வலிக்கிறது என்கிறார்.