தான் தெரிந்தவருக்கு ஒன்லி வரும்

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் ராத்திரி எட்டு மணிக்கு மாடியேறி வந்தான். பெங்களூரில் நீலசந்திரா பஜார் தெருவை ஒட்டிய சந்தில், கறிக்கடைக்கு மேலே இருக்கிறது என் டியூஷன் அறை. இருபத்திரண்டு வருஷமாக அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். பையன் இப்போது ஓர் அலுவலகத்தில் இரவு ஷிஃப்ட் செக்யூரிட்டி. அங்கே ஒருநாள் காலையில் பின்கதவு திறந்து கிடந்திருக்கிறது. ராத்திரி வேலையில் இருந்த எல்லோரிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இவன் எழுதிக்கொடுத்தது ஒரே வரி: ‘ஐ ஒன்லி லாக்டு த ஃப்ரண்ட் டோர்.’

அவன் மனதில் இருந்தது, ‘முன்கதவை நான்தான் பூட்டினேன்.’ மேனேஜர் படித்தது, ‘முன்கதவை மட்டும் பூட்டினேன், பின்கதவைப் பூட்டவில்லை.’ பின்கதவு இவன் பொறுப்பே இல்லை. ஆனாலும் தன் கையால் ஒப்புதல் வாக்குமூலம் எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

“மிஸ், நான்தான்னா ஐ ஒன்லிதானே? அதுல என்ன தப்பு?”

தப்பு இருக்கிறது. ஆனால் அது அறியாமையால் வந்த தப்பு இல்லை. தமிழ் நன்றாகத் தெரிந்ததால் வந்த தப்பு. இதை நம் இங்கிலீஷ் ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் தெருவில் காது கொடுத்தால் விஷயம் புரியும். தமிழ்க்காரர் ‘இன்னைக்கே’ என்பார். கன்னடக்காரர் ‘இவத்தே’ என்பார். பக்கத்து டெய்லர் கடை பாய் தக்கினி உருதுவில் ‘ஆஜிச்’ என்பார். மூன்று மொழியிலும் அழுத்தம் கொடுக்கிற அந்தச் சின்ன ஒலி, எந்தச் சொல்லை அழுத்த வேண்டுமோ அதன் வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது. வாக்கியத்தை எப்படிப் புரட்டிப் போட்டாலும் அந்தச் சொல்லை விட்டுப் பிரியாது. இந்த மூன்று வாயிலிருந்தும் இங்கிலீஷ் வரும்போது ‘டுடே ஒன்லி’, ‘தேர் ஒன்லி’, ‘ஹி ஒன்லி டோல்ட்’ என்றுதானே வரும்? போதாததற்கு பாங்க் செக்கிலும் ‘ரூபாய் ஐயாயிரம் மட்டும்’ என்று எழுதுகிற இடத்தில் இங்கிலீஷ்காரனே ஒன்லியைக் கடைசியில்தான் வைக்கிறான். என் அப்பா வாழ்நாள் முழுக்க அந்த ஒரு செக்கைக் காட்டியே என்னோடு வாதாடினார்.

நம் இலக்கணக்காரர்கள் இதை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள்! நன்னூல் ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது. அதில் இரண்டு பிரிநிலை, தேற்றம். கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது பிரிநிலை. ‘சந்தேகமே வேண்டாம்’ என்று அடித்துச் சொல்வது தேற்றம். இன்றைய பேச்சில் ‘தான்’ இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கிறது. ‘நான்தான் பூட்டினேன்’ என்பதில் வேறு யாரும் இல்லை என்பதும் இருக்கிறது, சத்தியமாக நான் என்பதும் இருக்கிறது. பாவம், இங்கிலீஷ் ஒன்லிக்கு அடித்துச் சொல்லத் தெரியாது. எல்லை கட்டத்தான் தெரியும்.

அதனால் நான் பிள்ளைகளிடம் விதியைச் சொல்வதற்கு முன்னால் தமிழில் ஒரு கேள்வி கேட்கிறேன். ‘தான்’ இருக்கிற இடத்தில் ‘மட்டும்’ போட்டுப் பார். அர்த்தம் மாறவில்லையா? அப்படியானால் ஒன்லி போடலாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இல்லை, முன்னால். ‘முன்கதவை மட்டும்’ என்றால் ‘ஒன்லி த ஃப்ரண்ட் டோர்’. ‘மட்டும்’ போட்டதும் அர்த்தம் மாறிவிட்டதா? அப்படியானால் ஒன்லி பக்கமே போகாதே. ‘இட் வாஸ் ஐ ஹூ லாக்டு இட்’ என்று சுற்றிச் சொல், இல்லை ‘மைசெல்ஃப்’ போடு. ‘நேத்துதான் வந்தேன்’ மாதிரி வாக்கியங்களில் இந்தச் சோதனை கொஞ்சம் தடுக்கும். அங்கே ‘மட்டும்’ போட்டால் கெட்டுவிடும், ஒன்லி போட்டால் கெடாது. அதைத் தனியாக ஒருநாள் எடுப்பேன்.

பையனிடம் இதையே கேட்டேன். “முன்கதவை நான் மட்டும் பூட்டினேன், சரியா?”

“இல்ல மிஸ், அது வேற அர்த்தம்.”

அரை நிமிஷம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூடத் தமிழ் படிக்காதவன் அவன். அவனுக்குள் அந்த இலக்கணம் அப்படியே இருக்கிறது.

நான் படித்தது ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம். ஒன்லியை அது தழுவுகிற சொல்லுக்கு நேர் முன்னால் வை என்பார்கள். பேச்சில் வினைக்கு முன்னால் வைப்பதும் வழக்கம் என்று கூடவே ஒரு சமாதானமும் சொல்வார்கள். 1926இல் இங்கிலீஷ் வழக்குக்கு அகராதி எழுதிய ஃபௌலர், இதில் ரொம்பக் கெடுபிடி பண்ணுகிறவர்களைக் கிண்டலே செய்திருக்கிறார். பேசும்போது குரல் காப்பாற்றிவிடும், அழுத்தம் எங்கே என்று காது கண்டுபிடித்துவிடும். எழுத்தில் குரல் கிடையாது. நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது எழுத்தில்தான்.

மற்ற வினையடைகளில் இவ்வளவு சிக்கல் இல்லை. ‘ஐ நோ வெல் இங்கிலீஷ்’ என்பவனிடம், வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் யாரையும் உட்கார விடாதே என்று ஒருமுறை சொன்னால் போதும். ‘ஆல்ரெடி ஐ டோல்ட்’ என்பது ‘ஏற்கெனவே சொன்னேன்’ என்பதன் நிழல். அது கேட்கிறவர் காதை உறுத்தும், அர்த்தத்தைக் கெடுக்காது.

இடம் மாறிய வினையடைக்காகக் கூனிக் குறுகுகிற பிள்ளைகளுக்கு நான் ஒரு கதை சொல்வதுண்டு. 2009 ஜனவரி 20, வாஷிங்டனில் ஒபாமா பதவியேற்கிறார். பிரமாணம் செய்துவைப்பவர் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். கையில் சீட்டு இல்லாமல் சொன்னவர், ‘ஃபெய்த்ஃபுல்லி’ என்ற ஒரு சொல்லை அதன் இடத்திலிருந்து தூக்கி வாக்கியத்தின் வாலில் போட்டுவிட்டார். ஒபாமா தயங்கி நின்றார். பிற்பாடு யாரும் வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் மறுபடி பிரமாணம் எடுத்தார்கள். ஒரே ஒரு வினையடை!

ஆனால் நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது வாய்ப்பை யார் தருகிறார்கள்? கோரமங்களா இங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம், டிராஃபிக் இல்லாவிட்டால். அங்கே இண்டர்வியூவில் ‘ஐ ஆம் ஃப்ரம் நீலசந்திரா ஒன்லி’ என்று ஒருத்தி சொன்னதும் எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். திரும்பி வந்து அவள் என்னிடம் கேட்டது: “ஒன்லியை இனிமே சொல்லாமலே விட்டுடட்டா மிஸ்?”

டியூஷன் சென்டர் சுவர்களில் ஒரு பலகை தொங்கும். ‘ஸ்பீக் இன் இங்கிலீஷ் ஒன்லி.’ தாய்மொழியைத் தடுக்கிற அந்தப் பலகையும் ஒன்லியை நம் ‘தான்’ மாதிரி கடைசியில்தான் வைத்திருக்கிறது. என் அறையிலும் ஒன்று இருந்தது. பத்து வருஷம் தொங்கவிட்ட குற்றம் என்னுடையது.

பையனின் விளக்கத்தைத் திருத்தி எழுதிக்கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். பிடித்த ஒருநாள் சம்பளம் போனது போனதுதான்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஒன்லியைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பிள்ளைகளைத் தமிழில் பேச விடுங்கள். கன்னடப் பிள்ளை இருந்தால் கன்னடத்தில், பாய் வீட்டுப் பிள்ளை இருந்தால் தக்கினியில். அந்தப் பலகையைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.