தடங்கலுக்கு வருந்துகிறோம்

தூர்தர்ஷன் காலத்து வாசகர்களுக்குத் திரையில் தோன்றிய 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை மறந்திருக்காது. பிழை யாருடையது என்று அது சொல்லாது, நாமும் கேட்டதில்லை. குற்றத்தை ஏற்காமலே வருந்திவிடலாம் என்பது அந்தச் சொல்லின் சௌகரியம். வல்லரசுகளுக்கும் ஒருமுறை அது கைகொடுத்தது.

2001 ஏப்ரல் 1 அன்று தென்சீனக் கடலுக்கு மேலே அமெரிக்காவின் இபி-3 உளவு விமானமும், அதை நெருங்கிப் பறந்த சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் கடலோடு போனார். சேதமடைந்த உளவு விமானம் அனுமதி பெறாமல் ஹைனான் தீவில் இறங்கியது. அதிலிருந்த 24 பேரையும் சீனா பிடித்துவைத்தது. மன்னிப்புக் கேள் என்றது பெய்ஜிங்; கேட்க மாட்டேன் என்றது வாஷிங்டன்.

ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் ஒரு கடிதம் கொடுத்தார். 'மிகவும் வருந்துகிறோம்' என்பது அதில் இரண்டு இடங்களில் வந்தது: விமானியின் இழப்புக்கு ஒன்று, வாய்மொழி அனுமதி இல்லாமல் இறங்கியதற்கு ஒன்று. மோதலுக்குப் பொறுப்பேற்கும் சொல் எதுவும் இல்லை. சீன ஊடகங்கள் அதை மன்னிப்பாகவே தம் மக்களிடம் சேர்த்தன. அது மன்னிப்பே அல்ல என்று அமெரிக்கா தன் மக்களிடம் சொன்னது. ஒருவர் மொழிபெயர்ப்பை மற்றவர் கண்டும் காணாமல் விட்டார். மறுநாள் 24 பேரும் புறப்பட்டார்கள். மிச்சமிருந்தது பணத் தகராறு: சீனா செலவுக்கு 10 லட்சம் டாலர் கேட்க, அமெரிக்கா 34,567 டாலர் தருவதாகச் சொன்னது.

2023 பிப்ரவரியில் முறை மாறியது. அமெரிக்க வானில் சீன பலூன் ஒன்று மிதந்தது. மொன்டானா மக்கள் அண்ணாந்து பார்த்துப் படமெடுத்தார்கள். அது காற்றில் வழிதவறிய வானிலை ஆய்வுக் கலம், வருந்துகிறோம் என்றது பெய்ஜிங். இந்த முறை சொல் எடுபடவில்லை. வெளியுறவுச் செயலர் பிளிங்கன் தன் சீனப் பயணத்தைத் தள்ளிவைத்தார். 4ஆம் தேதி பலூன் சுட்டு வீழ்த்தப்பட்டது. பாதுகாப்புச் செயலர் ஆஸ்டின் பேச விரும்பியபோது சீனத் தரப்பு மறுத்துவிட்டது. ஓர் உயிர் போன மோதல் 11 நாளில் தணிந்தது. யாருக்கும் கீறல்கூட விழாத பலூன் பகையை முற்றவைத்தது.

2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பின் வாசலில் நின்றது. அந்த டிசம்பரில் உள்ளே நுழைந்தது. அமெரிக்க நிறுவனங்களுக்கும் சீனச் சந்தை தேவைப்பட்டது. விட்டுக்கொடுக்க இருவருக்கும் காரணம் இருந்தது. இன்று அந்த வணிகமே ஆயுதமாகிவிட்டது. 2023 ஜூனில் தைவான் நீரிணையில் சீனக் கப்பல் ஒன்று அமெரிக்கப் போர்க்கப்பலின் முன்னால் ஏறத்தாழ 140 மீட்டர் தொலைவில் குறுக்கே சென்றது. அப்போதும் 'போர் வருமா?' என்றுதான் விவாதித்தார்கள். சீண்டல்களை எண்ணி அதற்கு விடை காண முடியாது. சீண்டியவரும் சீண்டப்பட்டவரும் பின்வாங்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் மோதும் நிலைக்கு வந்த 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியிலும் அப்படியொரு வழி இருந்தது. துருக்கியில் இருந்த தன் நாட்டு ஏவுகணைகளை அகற்ற அமெரிக்க அதிபர் கென்னடி ரகசியமாக ஒப்புக்கொண்டார். ஆனால் ரகசியம் காக்கப்பட்டதால், உறுதியாக நின்றதால் மட்டுமே வென்றோம் என்ற பாடத்தை அமெரிக்கர்கள் பல ஆண்டுகள் படித்தார்கள். வெளிப்படைத்தன்மை கேட்டே பழகிய நம் போன்ற இதழ்களுக்கு இது சங்கடமான உண்மை. திரைமறைவுப் பேரம் போரைத் தவிர்த்தது. அதை மறைத்தது தவறான பாடத்தைக் கொடுத்தது.

2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைத் தலைவர் பெலோசி தைவான் சென்றபோது சீனா துண்டித்த ராணுவத் தொடர்புகளை மீட்க, 2023 நவம்பரில் அன்றைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷியும் உடன்பட்டார்கள். நல்லது. ஆனால் தொலைபேசியை எடுத்தபின் சொல்ல ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்பவரை அவர் நாட்டு ஊடகமே கோழை என்று எழுதினால், அடுத்த முறை அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். எழுதுகிறவர்களான நம் பொறுப்பு அங்கே தொடங்குகிறது.