நீளத்துக்கு மட்டும் இலக்கம்

பெருநாளைக்கு அபாயா எடுக்கப் போயிருந்தேன். கடைத் தம்பி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "ராத்தா, கொஞ்சம் பூசின உடம்புக்கு 60 எடுங்க" என்றார். நான் ஐந்தடி. எனக்கு வேண்டிய நீளம் 52.

அபாயாவில் போட்டிருக்கும் 52, 54, 56, 58, 60 எல்லாம் தோளிலிருந்து கால்வரையான நீளத்தின் அங்குலங்கள். மார்புக்கும் இடுப்புக்கும் அங்கே இலக்கமே இல்லை. அகலம் தேவைப்பட்டவள் நீளத்தைக் காசு கொடுத்து வாங்கி, 8 அங்குலத்தை வெட்டி வீச வேண்டும். கரையிலுள்ள பூவேலையும் அதோடு போகும். அப்படியும் கை இறுக்கும். உடலின் வடிவம் தெரியாதிருக்கத்தான் இந்த உடுப்பு என்கிறோம். பருத்தவளுக்கோ அதுவே உடலை இறுக்கிக் காட்டுகிறது. பிறகு குறை சொல்வதும் அவளைத்தான்.

1978இல் கட்டுநாயக்க வலயம் தொடங்கிய நாடு இது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உடுப்புத் தைத்து அனுப்புகிறோம். அந்நியரின் உடம்பை அங்குலம் அங்குலமாக அளக்கத் தெரிந்த நாட்டில் நம் பெண்களின் அகலத்துக்கு மட்டும் அளவுநாடா இல்லையா?

நாடாவுக்கு முன் திருந்த வேண்டியது நாக்கு. கலியாண வீட்டில் "என்ன, ஊதிட்டீங்களே!" என்று சபை நடுவே கேட்பவரும், "பூசின உடம்பு" என்று குழைபவரும் செய்வது ஒன்றுதான்: உடம்பை வெட்கத்துக்குரியதாக்குவது. நான் மொத்தமானவள். மார்பளவு 48 அங்குலம். இதைச் சொல்வதால் எனக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

அன்னை ஆயிஷா (ரழி) நபிகளாரோடு (ஸல்) ஓடி முதலில் தாம் வென்றதையும், பின்னர் உடம்பில் சதை போட்டபோது தோற்றதையும் தாமே சொல்லியிருப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதில் ஒளிப்பில்லை, புலம்பலில்லை. ஸபிய்யா (ரழி) அவர்களின் குள்ளத்தைச் சுட்டிய ஒரு சொல்லை நபிகளார் கடிந்ததும் அதே நூலில் இருக்கிறது. உள்ளதைச் சொல்வது வேறு, உருவத்தைக் குத்துவது வேறு.

"நோய் வருமே" என்பார்கள். வரலாம். சீனியையும் பிரஷரையும் பற்றி டொக்டர் கிளினிக்கில் இலக்கங்களோடு சொல்லட்டும், கேட்கிறேன். கலியாணப் பந்தி கிளினிக் அல்ல. மெலியும்வரை பெருநாளைத் தள்ளிவைக்கவும் முடியாது.

எழுதுகிற நமக்கும் ஒரு கேள்வி. நம் கதைகளில் பருத்த பெண் வந்தால் தின்பாள், மூச்சிரைப்பாள், சிரிப்பு மூட்டுவாள். அவளுக்கொரு ஆசையோ கோபமோ இருந்ததாக எத்தனை பேர் எழுதினோம்? கடையின் தட்டிலும் அவளுக்கு இடமில்லை, கதையிலும் இல்லை.

கடைக்காரர் நீளத்துக்குப் பக்கத்தில் அகலத்தையும் அங்குலத்தில் போடட்டும். நாம் அவளை மனுஷியாக எழுதுவோம்.

அன்று கடைசியில் துணி வாங்கித் தைக்கக் கொடுத்தேன். தையற்காரி நாடாவைச் சுற்றிப் பார்த்து, 48 என்று கொப்பியில் எழுதிக்கொண்டாள். முகம் கோணவில்லை, குழையவுமில்லை. நான் கேட்பது அவ்வளவுதான்.