நோவாவின் வானவில்லும் துவாலுத் தீவும்

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவில் துவாலு என்பதாக ஒரு தேசம் இருக்கின்றது. தேசமென்றால் ஒன்பது பவழத் தீவுகளும் சுமார் 11,000 ஜனங்களுந்தான். நிலம் கடல் மட்டத்துக்கு மேல் சராசரி இரண்டு மீட்டர். ஓடி ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது. வருஷத் தொடக்கத்தில் பெரிய கடலேற்றம் வரும்போது, அலை கரையைத் தாண்டுவது மாத்திரமல்ல, பவழப் பாறை சல்லடை போன்றதாகையால் ஊர் நடுவே தரைக்குள்ளிருந்தே உப்புத் தண்ணீர் கொப்பளித்துக் கிளம்புகின்றது. குழி வெட்டிப் பயிரிடும் புலாக்கா என்னும் சேம்புக் கிழங்கு உப்பேறிக் கெட்டுப் போகின்றது. 2011-ல் மழை பொய்த்தபோது குடிதண்ணீருக்கே அவசர நிலை பிரகடனம் செய்ய வேண்டியதாயிற்று.

இவ்வளவையும் கண்ணால் பார்த்துக்கொண்டே, அங்குள்ளவர்களில் பலர் “எங்கள் தீவு மூழ்காது” என்கிறார்கள். ஏனென்றால், ஜலப்பிரளயம் முடிந்ததும், இனி வெள்ளத்தால் உலகத்தை அழிப்பதில்லை என்று கடவுள் நோவாவுக்கு வாக்குக் கொடுத்து, அதற்கு அடையாளமாக வானவில்லை வைத்தார் என்று பைபிளில் இருக்கிறதாம். 1861-ல் கடலில் வழி தப்பி அங்கே ஒதுங்கிய எலேக்கானா என்ற ஒருவர் ஆரம்பித்து வைத்த மதம், இன்று கிட்டத்தட்ட தேசம் முழுவதையும் பிடித்திருக்கின்றது.

வாசகர்கள் சிரிக்க வேண்டாம். 2019-ல் மழையில்லை என்று, கோயில்களில் யாகம் செய்யும்படி அறநிலையத் துறையே சுற்றறிக்கை அனுப்பிய நாட்டில் இருந்துகொண்டு துவாலுக்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை ஏது?

நிற்க, அந்த நிலத்தை உண்டாக்கியது யார்? மூழ்கிக்கொண்டிருக்கும் எரிமலையின் தலைமேல் பவழப் பூச்சிகள் மேலே மேலே கட்டிக்கொண்டு வந்ததே இம்மாதிரித் தீவுகள் என்று டார்வின் சொன்னார். அதைச் சோதிக்க 1896 முதல் 1898 வரை லண்டன் ராயல் சொசைட்டியார் துவாலுவின் தலைநகரான புனாபுட்டியிலேயே துளை போட்டார்கள். 1,114 அடி போயும் பவழப் பாறையாகவே வந்தது. பிறகு 1952-ல் மார்ஷல் தீவுகளில் இன்னும் ஆழமாகத் துளைத்தபோது அடியில் எரிமலைப் பாறையே அகப்பட்டது. ஆகவே தீவைக் கட்டிய சிற்பி ஒரு பூச்சி. அந்தப் பூச்சியும் இன்று கடலின் சூடு தாங்காமல் வெளுத்துச் சாகின்றது. உலகமெங்கும் பவழம் வெளுத்திருப்பதாக 2024-ல் நாலாவது தடவையாக அறிவிக்கப்பட்டது.

சூடு எங்கிருந்து வந்தது? நிலக்கரியும் எண்ணெயும் எரிந்த புகையிலிருந்து வந்தது. யந்திரத் தொழில் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காயிருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதனால் பூமி சூடேறும் என்று ஸ்வீடன் தேசத்து அரேனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டுச் சொன்னார். அதிகப்பட்ட சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள் போகின்றது. சூடான தண்ணீர் விரிகின்றது. பனிமலையும் உருகி அதில் சேருகின்றது. 1901-லிருந்து 2018-க்குள் கடல் மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. முன்பு வருஷத்துக்கு ஒன்றேகால் மில்லிமீட்டராயிருந்த ஏற்றம், இப்போது மூன்றரைக்கும் மேல். இதில் பிரளயம் எங்கே, வானவில் எங்கே?

எதிர்க்கட்சி சொல்லுவதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 1971-லிருந்து 2014 வரையில் துவாலுத் தீவுகளின் மொத்தப் பரப்பு நூற்றுக்கு மூன்று பங்கு போல் கூடியிருப்பதாக 2018-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அலையானது பவழ மணலை அள்ளிக் கரையில் போட்டதால் வந்த லாபம் அது. உண்மைதான். ஆனால், மணல் சேர்ந்ததால் கிணறு இனித்ததா? புலாக்கா விளைந்ததா?

நாம் கேட்பது வேறு. எல்லாம் கடவுள் சித்தம் என்றால் யாருக்கு லாபம்? துவாலுக்காரன் விட்ட புகை உலகக் கணக்கில் ஒரு தூசி கூட இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாகப் புகைவிட்டுப் பணம் குவித்த தேசங்களுக்கு, “இது ஆண்டவன் செயல்” என்று நஷ்டப்பட்டவனே சொல்லுவதைவிட வேறென்ன விடுதலைப் பத்திரம் வேண்டும்? குடியானவன் தன் கடனுக்குத் தலைவிதி என்று பேர் வைத்தால் வட்டிக்காரனுக்கு எவ்வளவு சௌகரியமோ, அவ்வளவு சௌகரியம். பசிபிக் பாதிரிமார்களிலேயே சிலருக்கு இது விளங்கி, 2004-ல் கிரிபாட்டித் தீவில் கூடி, இது மனிதன் செய்த வினையே என்று ஒப்புக்கொண்டார்கள். வனுவாட்டுத் தீவார் ஜெபத்தோடு நிற்காமல் வழக்குக்குப் பாடுபட்டதால்தான், சீதோஷ்ணத்தைக் கெடுக்காமல் காப்பது அரசாங்கங்களின் சட்டக் கடமை என்று 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் அபிப்பிராயம் சொல்லிற்று.

துவாலு சர்க்கார் 2023-ல் ஆஸ்திரேலியாவுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. வருஷத்துக்கு 280 பேர் குலுக்கல் மூலம் அங்கே குடியேறலாம். 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்கு, பெண்டு பிள்ளைகளைச் சேர்த்து, தேசத்து ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் பேர் கொடுத்துவிட்டார்கள்.